அவுரி படிஞ்ச கைகள்: ஒரே ஒரு படத்துக்காக ஜூலி டாஷ் பட்ட பாடு

ஜூலி டாஷ்ங்கிற அமெரிக்க டைரக்டரோட ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ படம் தொடங்கி கொஞ்ச நேரத்துலயே ரெண்டு கை வரும். உள்ளங்கையில ஒரு பிடி மண்ணு, காத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டுப் போகும், விரலெல்லாம் கருநீலமா கறை ஏறியிருக்கும். அது அவுரிச் சாயம். சவுத் கரோலினா பக்கம் தோட்டங்கள்ல அடிமையா வெச்சிருந்த மக்களைக் கொண்டு அவுரிச் செடியைத் தொட்டியில ஊறப்போட்டு, அடிச்சுக் கலக்கி, சாயம் எடுத்தாங்க. படத்தோட கதை நடக்குறது 1902ல, அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1865ல, ஆனா நானா பீசன்ட்ங்கிற கிழவியோட கையில அந்த நீலம் இன்னும் போகலை.

நிஜத்துல அப்படி நிக்காது. அவுரிக் கறை இத்தனை வருஷம் தோல்ல தங்காதுன்னு படத்துக்கு ஆலோசனை சொன்ன வரலாற்று ஆய்வாளரே டாஷ்கிட்ட சொல்லியிருக்காங்க. டாஷுக்கும் அது தெரியும், தெரிஞ்சேதான் வெச்சாங்க. அடிமைத்தனம்னு சொன்னாலே முதுகுல சாட்டைத் தழும்பு, கால்ல சங்கிலி, இதையே பாத்துப் பாத்து நம்ம கண்ணு மரத்துப் போச்சு, அதுக்குப் பதிலா புதுசா ஒரு அடையாளம் வேணும்னு நினைச்சாங்க. எனக்கு இந்த ஒரு முடிவே போதும், இந்த டைரக்டர் யாருன்னு புரிஞ்சுக்க. வலியைக் காட்டணும், ஆனா அந்தப் பொம்பளையோட உடம்பை இன்னொரு தடவை அடிச்சுக் காட்டக் கூடாது. ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ முழுக்க இந்த நினைப்புல எடுத்த படம்தான்.

நான் சென்னையில கலர் கிரேடிங், அதாவது எடுத்த படத்தோட நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிபண்ற வேலை பண்றவ, அதனால இந்தப் படத்தை முதல்ல பாத்தது தோலோட நிறத்துக்காகத்தான். பாத்து முடிச்சப்போ வேற ஒரு கேள்வி வந்து உக்காந்துக்கிச்சு, ஒரு படம் யாரைப் பாத்துப் பேசணும், யாருக்கு விளக்கம் சொல்லிட்டே இருக்கத் தேவையில்லை? இதை எழுதுறது அதுக்காகத்தான்.

ஜூலி டாஷ் 1952ல நியூயார்க்ல பொறந்தவங்க, வளர்ந்தது குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்புல. அப்பா வழி சொந்தம் சவுத் கரோலினா பக்கத்து கல்லா மக்கள். அட்லாண்டிக் கரையோரத் தீவுகள்ல நெல்லும் அவுரியும் பருத்தியும் விளைவிக்க மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்தவங்களோட வம்சம் இவங்க, கல்லான்னும் சொல்வாங்க கீச்சின்னும் சொல்வாங்க. தீவுகளுக்கு ரொம்ப காலம் பாலமே இல்லை, செயின்ட் ஹெலினா தீவுக்கெல்லாம் 1920கள்லதான் பாலம் வந்துச்சு, அதனால பேச்சு, சமையல், பாட்டு, சாமி கும்பிடுற முறைன்னு ஆப்பிரிக்கச் சாயல் வேற எங்கயும் இல்லாத அளவு இங்க தங்கிப்போச்சு.

டாஷ் சின்ன வயசுலயே ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்துல சினிமா கத்துக்கிட்டு, நியூயார்க் சிட்டி காலேஜ்ல பட்டம் வாங்கி, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் போய் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல சேர்ந்தாங்க. அங்க அப்போ சார்ல்ஸ் பர்னெட், ஹைலே கெரிமா, பில்லி வுட்பெரி, அலீலே ஷரோன் லார்கின்னு கறுப்பின மாணவர்கள் ஒரு பெரிய கூட்டமே இருந்துச்சு, ஹாலிவுட் நம்மளைக் காட்டுற மாதிரி நாம எடுக்கக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தவங்க. பின்னாடி அவங்களுக்கு எல்.ஏ. ரெபெல்லியன்னு பேர் வந்துச்சு. ஒருத்தர் படத்துல இன்னொருத்தர் கேமரா பிடிப்பாங்க, எடிட் பண்ணுவாங்க, நடிப்பாங்க.

1982ல டாஷ் எடுத்த ‘இல்யூஷன்ஸ்’ 34 நிமிஷக் கறுப்பு வெள்ளைப் படம், அதைச் சொல்லாம மேல போக முடியாது. கதை 1942ல ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோவுல நடக்குது. மிக்னான் டூப்ரீ அங்க பெரிய பதவியில இருக்குறா, பாக்க வெள்ளைக்காரி மாதிரி இருக்குறதால யாருக்கும் அவ கறுப்பினப் பொண்ணுன்னு தெரியாது, அவளும் சொல்லலை. ஒரு வெள்ளை நடிகையோட பாட்டு சீன்ல வாயசைப்பும் சத்தமும் ஒட்டலைன்னு எஸ்தர்னு ஒரு கறுப்பினப் பாடகியைக் கூப்பிடுறாங்க. இருட்டு அறையில மைக் முன்னாடி நின்னு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் திரையில அசையுற வெள்ளை உதட்டைப் பாத்துக்கிட்டே அவ பாடணும். குரல் இவளோடது, முகம் அவளோடது. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, நாம கேக்குற எஸ்தரோட அந்தக் குரலும் எலா ஃபிட்ஸ்ஜெரால்டுங்கிற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகியோட ரெக்கார்டுதான், ஆக படத்துக்குள்ள நடக்குற அதே வேலையைப் படமும் செஞ்சு காட்டுது. கறுப்பினப் பொண்ணு சினிமாவுக்குள்ள எப்பவும் இருந்தா, ஆனா கண்ணுல படாம இருந்தா. அந்த சீன் சொல்றது அதைத்தான்.

அவளைக் கண்ணுல படவைக்கணும்னா என்ன செய்யணும்ங்கிறதுக்கு டாஷ் கொடுத்த பதில்தான் ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’.

யோசனை 1975லயே வந்துடுச்சு, குடும்பம் தீவை விட்டுக் கிளம்புறதைப் பத்தி பேச்சே இல்லாம ஒரு குறும்படம், அவ்வளவுதான் முதல்ல. அப்பா வீட்டு ஆளுங்ககிட்ட கதை கேட்டு, ஆவணக் காப்பகங்கள்ல தேடி, அது பெருசாகிட்டே போச்சு. பீசன்ட் குடும்பம், தீவுல கடைசியா எல்லாரும் ஒண்ணா சாப்பிடுற ஒரு நாள், மறுநாள் பாதிப் பேர் வடக்க போறாங்க. நானா கிழவி வரமாட்டேங்குறா, புருஷனைப் புதைச்ச மண்ணு அங்க இருக்கு. கொள்ளுப்பேரன் எலையோட பொண்டாட்டி யூலா மாசமா இருக்கா, அவளை ஒரு வெள்ளைக்காரன் பலாத்காரம் பண்ணியிருக்கான், வயித்துல இருக்குறது யாரோடதுன்னு எலை வெந்துட்டு இருக்கான். பேரனைக் கட்டின ஹேகருக்குக் கிழவியோட மந்திரம், வேரு, பாட்டில் கட்டின மரம் எதுவுமே பிடிக்காது, எப்படா கிளம்புவோம்னு இருக்கா. வயோலா ஊர்ல போய் கிறிஸ்தவப் பக்தையாகி, இந்த நாளைப் படம் பிடிக்க ஸ்னீட்ங்கிற போட்டோகிராபரைக் கூட்டிட்டு வந்திருக்கா. யெல்லோ மேரி கியூபா வரைக்கும் போயிட்டு, ட்ரூலாங்கிற காதலியோட திரும்பி வந்திருக்கா, வந்தவளைச் சொந்தக்காரங்க கெட்டுப்போனவன்னு முதுகுக்குப் பின்னாடி பேசுறாங்க. கதையைச் சொல்றது ரெண்டு பேர், ஒண்ணு நானா, இன்னொண்ணு யூலா வயித்துல இருக்குற இன்னும் பொறக்காத பொண்ணு.

இதை எடுத்துட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவா ஏறினப்போ வந்த பதிலை டாஷே பல தடவை சொல்லியிருக்காங்க. எடுத்துக் காட்டின காட்சிகளோட அழகைப் பாராட்டுவாங்களாம், ஆனா ஒரு கறுப்பினப் பொண்ணு, நூறு வருஷத்துக்கு முந்தின கறுப்பினப் பொண்ணுங்களைப் பத்தி எதுக்குப் படம் எடுக்கணும்ங்கிறது மட்டும் அவங்க மண்டையில ஏறவே இல்லை. கெட்டோ, துப்பாக்கி, போதை மருந்துன்னு வந்திருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இங்க வெள்ளை உடுப்பு போட்ட பொம்பளைங்க கடற்கரையில உக்காந்து பேசுறாங்க, சமைக்குறாங்க, சண்டை போடுறாங்க, எந்தப் பெட்டியில போடுறதுன்னு அவங்களுக்குத் தெரியலை.

1987ல கிடைச்ச கொஞ்ச காசுல தீவுக்குப் போய் மாதிரிக் காட்சிகளை எடுத்தாங்க, அதைக் காட்டித்தான் பொதுத் தொலைக்காட்சியோட அமெரிக்கன் பிளேஹவுஸ் கிட்ட இருந்து பணம் வந்துச்சு. மொத்த பட்ஜெட் சுமார் 8,00,000 டாலர். அதுல 35 எம்எம் பிலிம், ஒரு பெரிய குடும்பமே நிறைஞ்ச நடிகர் கூட்டம், அந்தக் காலத்து உடைகள், எல்லாரையும் செயின்ட் ஹெலினா, ஹண்டிங் தீவுகளுக்குக் கூட்டிட்டுப் போய்த் தங்கவைக்கிற செலவு. புரொடக்ஷன் டிசைன் பண்ணது யாருன்னு பாத்தா கெரி ஜேம்ஸ் மார்ஷல், இன்னிக்கு உலகம் கொண்டாடுற ஓவியர். முக்கியமான நடிகைங்க எல்லாம் டாஷோட சேர்ந்து படிச்சவங்க படங்கள்ல சம்பளமே இல்லாம, இல்லைன்னா சொற்பத்துக்கு உழைச்சவங்க. யெல்லோ மேரியா வர்ற பார்பரா ஓ, நானாவா வர்ற கோரா லீ டே ரெண்டு பேரும் கெரிமாவோட படத்துல இருந்தவங்க, ஹேகரா வர்ற கேசி மூர் பர்னெட்டோட படத்துல. புது முகம் தேடிப் போகாம, கறுப்பின சுயாதீன சினிமாவைத் தாங்கி நின்ன முகங்களையே பெரிய திரைக்குக் கொண்டு வந்தாங்க.

இப்ப என் தொழில் பக்கம் வரேன், இங்க கொஞ்சம் நின்னு பேசணும். கலர் பிலிம்ங்கிறது நிறபேதம் இல்லாத பொருள்னு பொதுவா நினைப்போம். அப்படி இல்லை. லேப்ல பிரின்ட் சரியா இருக்கான்னு பாக்க கோடாக் அனுப்பின ஷெர்லி கார்டுல பல வருஷமா இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணோட முகம்தான், அவ தோல் சரியா வந்தா எல்லாம் சரி. அந்தக் கணக்குல கறுப்பு முகத்தை எடுத்தா கண்ணும் பல்லும் மட்டும் தெரியும், கன்னத்துல இருக்குற சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் சேறாப் போயிடும். கேமராமேன் ஆர்தர் ஜாஃபாவும் டாஷும் கோடாக்கை விட்டுட்டு அக்ஃபா பிலிம் எடுத்துக்கிட்டாங்க, கறுப்புத் தோலுக்கு அது நல்லா வருதுன்னு. பெரிய லைட்டெல்லாம் இல்லாம முடிஞ்ச வரைக்கும் வெயிலை வெச்சே எடுத்தாங்க. பலன் என்னன்னா, ஒரே ஃப்ரேம்ல எட்டு பத்து பொம்பளைங்க இருந்தா எட்டு பத்து நிறம் தெரியும். ஒருத்தி தேன், ஒருத்தி கருங்காலி, ஒருத்தி சுட்ட செங்கல், எல்லாரும் வெள்ளை லினன்ல, பின்னாடி சாம்பல் நிறக் கடல். வெள்ளைத் துணி வெந்து போகாம, முகம் இருட்டாகாம ரெண்டையும் ஒரே எக்ஸ்போஷர்ல பிடிக்குறது எவ்வளவு கஷ்டம்னு இந்த வேலையில இருக்குறவங்களுக்குத் தெரியும். 1991ல சன்டான்ஸ் திரைப்பட விழாவுல ஒளிப்பதிவு விருது ஜாஃபாவுக்குக் கொடுத்தாங்க, சரியாத்தான் கொடுத்தாங்க.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல, ஒரு விளம்பரத்துக்கு, அழகா இருந்த ஒரு கறுப்புப் பொண்ணோட முகத்தை மட்டும் தனியா மாஸ்க் போட்டு ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, வெளிச்சம் ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினேன். அந்தப் பொண்ணு முகத்துல இருந்த உயிர் போயிடுச்சு, நான்தான் அதை எடுத்தேன். இந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வரும்.

பேச்சும் அப்படித்தான். படத்துல பேசுறது கல்லா மொழி, ஆங்கிலத்தோட மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் கலந்து பிறந்த கிரியோல். ரொனால்ட் டெய்ஸ்னு கல்லா கலாச்சாரத்துல ஊறினவர்தான் நடிகர்களுக்கு உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தார். சப்டைட்டில் போடலை. அமெரிக்கக்காரங்களுக்கே முதல் பத்து நிமிஷம் பாதி புரியாது, அப்புறம் காது பழகிடும், விருந்தாளியாப் போன வீட்டுல மெதுவா பேச்சு பிடிபடுமே அந்த மாதிரி. கதையும் நேர்கோட்டுல போகாது, மேற்கு ஆப்பிரிக்கப் பாணர்களான க்ரியோக்கள் ஒரு குடும்பத்தோட கதையை நாள் கணக்குல, விட்டு விட்டு, முன்ன பின்ன தாவிச் சொல்ற மாதிரி இருக்கும். கிளைமாக்ஸை நோக்கி ஓடுற படத்துக்குப் பழகினவங்களுக்கு இது இழுவைன்னு தோணும், எனக்கே முதல் தடவை நடுவுல தடுமாற்றமாத்தான் இருந்துச்சு, யார் யாருக்கு என்ன உறவுன்னு பிடிபடலை. ரெண்டாவது தடவை பாக்குறப்போ அது ஒரு பிரச்சனையாவே இல்லை.

இதுல எல்லாம் ஒரே முடிவுதான் திரும்பத் திரும்ப வருது. வெளியில இருந்து வர்றவனுக்காக நிறுத்தி விளக்குறது இல்லை. வெளியாள் படத்துக்குள்ளயே இருக்கான், அந்த ஸ்னீட். கோட்டு போட்டு, கேமராவைத் தூக்கிட்டு, இந்தப் பழங்கால ஜனங்களைப் பதிவு பண்ண வந்தவன், போகப் போக அவங்ககிட்டயே உக்காந்து கதை கேக்க ஆரம்பிச்சுடுறான். அவன்கிட்ட பிலால்ங்கிற முஸ்லிம் பெரியவர் இபோ லேண்டிங் கதையைச் சொல்வார். 1803ல ஜார்ஜியாவோட செயின்ட் சைமன்ஸ் தீவுல, அடிமையா கொண்டு வந்து இறக்கின இபோங்கிற மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமையா வாழ மாட்டோம்னு தண்ணிக்குள்ள இறங்கினாங்க, அது நடந்தது. அவங்க மூழ்கலை, தண்ணி மேல நடந்து ஆப்பிரிக்காவுக்கே போயிட்டாங்கன்னு தீவு மக்கள் வழிவழியா சொல்றாங்க. யூலா அந்த நடந்த கதையைச் சொல்லும்போது எலை தண்ணி மேல நடக்குறான், நாம கண்ணால பாக்குறோம். பிலால் ஸ்னீட்கிட்ட, தண்ணி மேல யாரும் நடக்க முடியாது, அவங்க செத்துப் போனாங்கன்னு சொல்றார். ரெண்டையும் படம் வெச்சிருக்கு, எது உண்மைன்னு தீர்ப்பு சொல்லலை.

பொம்பளைங்களைப் பத்திச் சொல்ல வந்துட்டு யெல்லோ மேரியைச் சொல்லாம விட்டா தப்பு. ஒரு பெரிய சாஞ்ச மரத்துக் கிளையில அவ, ட்ரூலா, யூலா மூணு பேரும் உக்காந்திருப்பாங்க. அங்க சாதாரணமா, ஊர்க்கதை மாதிரி சொல்வா, தன் குழந்தை செத்துப் பொறந்துச்சு, ஆனா பால் இருந்துச்சு, அதனால ஒரு பணக்காரக் குடும்பம் அவங்க குழந்தைங்களுக்குப் பால் கொடுக்க கியூபாவுக்குக் கூட்டிட்டுப் போச்சு, திரும்பி வரணும்னு கேட்டா விடலை, அதனால பால் வராத மாதிரி தன் மார்பைத் தானே பண்ணிக்கிட்டேன், அப்புறம்தான் விட்டாங்கன்னு. ஃப்ளாஷ்பேக் இல்லை, அழுகை மியூசிக் இல்லை. வெயில்ல மரத்துல உக்காந்த மூணு பொம்பளைங்க, ஒருத்தி சொல்றா, மத்தவங்க கேக்குறாங்க. ஒரு ஜென்மத்துச் சோகத்தை இப்படிச் சொல்லவிட்ட டைரக்டரை நான் கையெடுத்துக் கும்பிடுறேன்.

கடைசிப் பக்கம் யூலா எல்லார் முன்னாடியும் உடையுறா. மேரியைக் கெட்டுப்போனவன்னு ஒதுக்குறீங்களே, அப்ப நான் யாரு, நானும் கெட்டுப்போனவதானான்னு கேக்குறா. நம்ம அம்மாக்கள், அவங்க அம்மாக்கள் எல்லாருக்கும் நடந்ததுதானே இது, மேரியை விரும்ப முடியலைன்னா நம்மளை நாமே எப்படி விரும்புவோம்னு அவ பேச்சு போகும். உடம்புக்கு நடந்த கொடுமையை அந்த உடம்புக்காரியோட களங்கமா மாத்துற பேச்சைச் சொந்தப் பொம்பளைங்க வாயில இருந்தே பிடுங்கி எறியுற இடம் அது. அந்தக் குடும்பத்து ஆம்பளைங்களும் அங்கதான் நிக்குறாங்க, ஆனா சீன் அவங்களுக்காக இல்லை.

அப்புறம் நானா தன் அம்மாவோட முடியையும் தன் முடியையும் சேர்த்து ஒரு தாயத்து கட்டி, வயோலாவோட பைபிள் மேல வெச்சு, எல்லாரையும் வந்து முத்தம் கொடுக்கச் சொல்றா. பைபிள்தானே பெருசு, தாயத்துதானே பெருசுன்னு சண்டை போடாம ரெண்டையும் ஒண்ணா கட்டிடுறா. ஹேகர் மட்டும் மாட்டேன்னு போயிடுறா. ஹேகரை வில்லியாக்காம விட்டது எனக்குப் பிடிச்சது, அவளுக்கும் பிள்ளைங்களுக்குப் புது வாழ்க்கை வேணும்ங்கிற நியாயம் இருக்கு.

சரி, படம் முடிஞ்சுது. 1991ல சன்டான்ஸ்ல போட்டாங்க, விருதும் வந்துச்சு. அதே வருஷம் ஜான் சிங்கிள்டன், மரியோ வான் பீபிள்ஸ், ஸ்பைக் லீ படமெல்லாம் பெரிய ஸ்டுடியோக்கள் மூலமா வந்து, கறுப்பின சினிமாவுக்குப் புது காலம்னு பத்திரிகைங்க கொண்டாடிட்டு இருந்துச்சு. இந்தப் படத்தை வாங்க ஆளில்லை. கடைசியா கினோ இன்டர்நேஷனல்னு பழைய கிளாசிக், வெளிநாட்டுப் படமெல்லாம் வெளியிடுற சின்ன கம்பெனி எடுத்தாங்க. அவங்க செஞ்ச புத்திசாலித்தனமான வேலை, கேஜேஎம்3ங்கிற கறுப்பின மார்க்கெட்டிங் குழுவைச் சேர்த்துக்கிட்டது. சர்ச், பெண்கள் சங்கம், கறுப்பின வானொலி, புத்தகக் கடைன்னு நேரடியாப் போய்ச் சொன்னாங்க. 1992 ஜனவரியில நியூயார்க் ஃபிலிம் ஃபோரம்ல ஓப்பன் ஆச்சு, ஷோ ஷோவா டிக்கெட் தீர்ந்துச்சு, வந்ததுல பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அமெரிக்காவுல பொதுவா தியேட்டர்கள்ல ரிலீஸான, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கின முதல் முழுநீளப் படம் இதுதான். பத்து லட்சம் டாலருக்கு மேல வசூலிச்சுது. இதுக்கு ஆடியன்ஸ் எங்கன்னு ஸ்டுடியோக்காரங்க கேட்டாங்களே, ஆடியன்ஸ் அங்கயேதான் இருந்தாங்க, போய்க் கேட்டவங்கதான் யாரும் இல்லை.

முதல்ங்கிற வார்த்தையைச் சொல்றப்போ கேத்லீன் காலின்ஸையும் நினைக்கணும். 1982லயே ‘லூசிங் கிரவுண்ட்’ எடுத்தவங்க, ஒரு கறுப்பினத் தத்துவப் பேராசிரியையோட மனசுக்குள்ள போற படம், ஒழுங்கா தியேட்டருக்கே வரலை, 1988ல 46 வயசுல புற்றுநோயில இறந்துட்டாங்க, 2015ல மகளோட முயற்சியிலதான் படம் வெளியில வந்துச்சு. டாஷ் முதல் ஆள்னா, டாஷ் முதல்ல எடுத்தாங்கன்னு அர்த்தமில்லை, முதல்ல கதவு திறந்தது அவங்களுக்குன்னு அர்த்தம்.

திறந்த கதவும் உடனே சாத்திக்கிச்சு. இந்த வெற்றிக்கு அப்புறம் டாஷுக்கு அடுத்த தியேட்டர் படம் வந்திருக்கணும்ல? வரலை. ஸ்கிரிப்ட் எழுதினாங்க, மீட்டிங் போனாங்க, ஒண்ணும் நகரலை. டிவிக்குப் படங்கள் பண்ணாங்க, 2002ல ஆஞ்செலா பாசெட்டை வெச்சு கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் வாழ்க்கையை எடுத்தாங்க, பாடகி ட்ரேசி சாப்மனுக்கு மியூசிக் வீடியோ எடுத்தாங்க, 1997ல இதே பீசன்ட் குடும்பத்தோட அடுத்த தலைமுறையை நாவலா எழுதினாங்க, ஸ்பெல்மன் காலேஜ்ல பாடம் நடத்தினாங்க. வேலை செய்யாம ஒரு நாள் இருக்கலை. ஆனா முதல் படத்துலயே இவ்வளவு செஞ்சவங்களோட ரெண்டாவது, மூணாவது, நாலாவது தியேட்டர் படம் எப்படி இருந்திருக்கும்னு நமக்குத் தெரியாமலே போச்சு, அந்த இழப்பு அவங்களோடது மட்டும் இல்லை. 1990கள்ல வந்த லெஸ்லி ஹாரிஸுக்கும் இதே கதைதான், ஒரு படம் வந்துச்சு, பேசினாங்க, அதோட சரி.

2004ல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தோட தேசியத் திரைப்படப் பதிவேட்டுல ‘டாட்டர்ஸ்’ சேர்ந்துச்சு, 2020ல ‘இல்யூஷன்ஸ்’, அதே வருஷம் ‘லூசிங் கிரவுண்ட்’. 2016ல பாடகி பியான்சே தன்னோட ‘லெமனேட்’ வீடியோ ஆல்பத்துல கடலோரமும் மரமும் வெள்ளை உடுப்புமா பொம்பளைங்களைக் காட்டினப்போ, இது எங்கயோ பாத்த படமாச்சேன்னு ஒரு புது தலைமுறை தேடிப் போச்சு. அப்போ ஏற்கனவே ரெஸ்டோரேஷன், அதாவது பழைய படத்தைச் சீர்படுத்திப் புதுசாக்குற வேலை, நடந்துட்டு இருந்துச்சு, அந்த வருஷக் கடைசியில கோஹன் மீடியாங்கிற கம்பெனி புது பிரின்ட்டை ரிலீஸ் பண்ணாங்க. அடுத்த வருஷம் கறுப்பின டைரக்டர் ஏவா டுவெர்னே, பெண் டைரக்டர்களை மட்டும் வெச்சு எடுத்த ‘குயின் சுகர்’ தொடருக்கு டாஷைக் கூப்பிட்டாங்க. 2022ல சைட் அண்ட் சவுண்ட்ங்கிற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகையோட விமர்சகர் ஓட்டெடுப்புல, உலகத்தோட எல்லா காலத்துப் படங்கள்லயும் 60வது இடம்.

ரெஸ்டோரேஷனுக்குக் கலர் பாத்தது ஜாஃபாவேதான். பழைய டிவிடி ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, அதுல எல்லாமே கொஞ்சம் மங்கிப்போய் மஞ்சளடிக்கும். புது பிரின்ட்டை வேலை முடிஞ்சு ராத்திரி கிரேடிங் மானிட்டர்லயே ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். கடைசியில படகு போயிடும், நானா, யூலா, எலை, யெல்லோ மேரி தங்கிடுவாங்க, கரையோரமா நடந்து போற உருவங்களுக்குப் பின்னாடி அந்தப் பொறக்காத பொண்ணு ஓடுவா. அதைத் தாண்டிப் போகாம நானாவோட கை வர்ற இடத்துக்குத் திரும்பிப் போய் நிறுத்தினேன். டிவிடியில அந்த நீலம் வெறும் கறுப்பாத்தான் தெரியும். இங்க நகக்கண்ணு ஓரத்துல ஒரு நீலம், ரேகைக்குள்ள வேற ஒரு நீலம், அதுக்கு அடியில அவ தோலோட சொந்த நிறம்.